உலக அதிசயங்களை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தில் பார்த்து மயங்கிய இடத்துக்கு நேரில் போய், "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் குற்றம் இடத்தின் மேல் இல்லை. போகத் தேர்ந்தெடுத்த மாதம் தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் போய்ச்சேர்ந்த மணி தப்பாக இருக்கும். அருவிக்கும் உப்புவெளிக்கும் துருவ ஒளிக்கும் பருவம் உண்டு. கல்லில் கட்டிய கோயிலுக்கும்கூட வெயில் சரியாக விழும் நேரம் என்று ஒன்று உண்டு. எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்ற கேள்விக்கே கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

"ஏழு அதிசயங்கள்" பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் போதுமா?

புராதனப் பட்டியலில் இன்று நிற்பது கீசாவின் பெரிய பிரமிடு மட்டும்தான். இப்போது பரவலாகச் சொல்லப்படும் புதிய பட்டியல் 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் அறிவிக்கப்பட்டது. சீனப் பெருஞ்சுவர், ஜோர்டானின் பெட்ரா, ரியோவின் மீட்பர் கிறிஸ்து சிலை, பெருவின் மாச்சு பிச்சு, மெக்சிகோவின் சிச்சென் இட்சா, ரோமின் கொலோசியம், தாஜ்மகால் ஆகிய ஏழும் மக்கள் வாக்கில் தேர்வானவை. ஏழுமே மனிதர் கட்டியவை. ஓர் அருவிகூட, ஒரு மலைகூட அதில் இல்லை. எனவே அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், வேதமாக வேண்டாம்.

எங்கள் ஆலோசனை: ஒரு பயணத்துக்கு ஒரு பெரிய இடம். அதற்குக் குறைந்தது இரண்டு காலைப்பொழுதுகள் ஒதுக்குங்கள். ஒரு காலை மேகமோ மூடுபனியோ கெடுத்தாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

விக்டோரியா அருவிக்கு எந்த மாதம் போவது? தண்ணீர் அதிகமாக இருக்கும்போதுதானே?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சாம்பேசி ஆறு சாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் 1,708 மீட்டர் அகலத்துக்கு விரிந்து, 108 மீட்டர் ஆழமான குறுகிய பிளவுக்குள் விழுகிறது. பார்வையாளர்கள் நிற்பது அந்தப் பிளவின் எதிர்க்கரையில். நீர்வரத்து உச்சத்தில் இருக்கும்போது கீழே மோதும் தண்ணீர் சாரலாகக் கிளம்பி, விளிம்பையும் தாண்டி வானத்துக்கு எழும்புகிறது. உள்ளூர்ப் பெயரான மோசி-ஓவா-துன்யாவுக்கே "இடிமுழங்கும் புகை" என்றுதான் பொருள். ஏப்ரலில் போனால் முழக்கம் நெஞ்சில் அதிரும், உடம்பு முழுக்க நனையும், ஆனால் எதிரே வெள்ளைச் சுவர் ஒன்றைத் தவிர எதுவும் தெரியாத தருணங்கள் நிறைய வரும்.

மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. உச்ச நீர்வரத்து மட்டும் அதற்குப் பிறகு வருகிறது. மேல்புறத்தில் பெய்யும் மழை பரந்த வெள்ளச் சமவெளிகளில் தேங்கி, வாரக்கணக்கில் மெதுவாக இறங்கி வருவதே காரணம்.

அருவியின் முழு அகலத்தையும் பார்க்க வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் சாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் கரும்பாறையாக நிற்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஜிம்பாப்வே பக்கம் போவதே மேல், அங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் விழுகிறது. நீர் நிறைந்த மாதங்களின் பௌர்ணமியையொட்டிய இரவுகளில் நிலவொளியிலேயே வானவில் தெரியும். அதற்காகவே பூங்காவை இரவில் திறந்துவிடுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

கேமராவுக்கு நீர்புகாப் பையும், லென்ஸைத் துடைக்க நாலைந்து உலர்ந்த துணிகளும் வேண்டும். ஒரே துணி ஐந்து நிமிடத்தில் ஈரமாகி, துடைக்கத் துடைக்கக் கறையை அதிகமாக்கும்.

இகுவாசு அருவியை பிரேசில் பக்கம் பார்ப்பதா, அர்ஜென்டினா பக்கமா?

இரண்டு பக்கமும். பிரேசில் பக்கம் முழுக்காட்சி. அரை நாள் போதும். அர்ஜென்டினா பக்கம் அருவிகளின் தலைமேலும் காலடியிலும் நடக்கிற அனுபவம். முழு நாள் வேண்டும். முதலில் பிரேசில், மறுநாள் அர்ஜென்டினா என்ற வரிசை நன்றாக அமையும்: தூரத்திலிருந்து மொத்தத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே நுழைவீர்கள். எல்லையைக் கடப்பதால் இரு நாட்டு விசா விதிகளையும் முன்கூட்டியே பாருங்கள்.

ஏறக்குறைய 275 தனி அருவிகள் சேர்ந்ததுதான் இகுவாசு. அதில் பெரியது "சாத்தானின் தொண்டை". வெள்ளம் ஏறினால் அதற்குப் போகும் நடைபாலத்தை மூடிவிடுவார்கள். 2022 அக்டோபர் வெள்ளத்தில் பாலம் பலத்த சேதம் அடைந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. போகும் வாரத்தில் நிலவரம் விசாரியுங்கள். அங்கே திரியும் கோவாட்டி என்ற நீள்மூக்கு விலங்குகள் பார்க்கச் சாதுவாக இருக்கும். கையில் தின்பண்டம் இருந்தால் பிடுங்கும், கடிக்கவும் செய்யும்.

உயூனி உப்புவெளியின் கண்ணாடிக் காட்சி எப்போதும் இருக்குமா?

இருக்காது. பொலிவியாவில் சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்திருக்கிற உப்புத்தளம் அது. பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை மழைநீர் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்கும்போதுதான் வானம் தரையில் இறங்கியதுபோல் தெரியும். அப்போதும் காற்று அடங்கியிருக்க வேண்டும். சிற்றலை ஓடினால்கூடக் கண்ணாடி உடைந்துவிடும். அதனால் விடியற்காலைதான் உத்தமம்.

மே முதல் நவம்பர் வரை தரை காய்ந்து, உப்பு அறுகோணங்களாக வெடித்து வரம்பு கட்டி நிற்கும். அதுவும் தனி அழகு. இன்காவாசி கள்ளித்தீவுக்குப் போக ஆசைப்பட்டால் காய்ந்த பருவத்தில்தான் போக முடியும்; தண்ணீர் அதிகமானால் வண்டிகள் அந்தப் பக்கம் போவதில்லை. வெயில் மேலிருந்து மட்டுமல்ல, வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்புறத்திலும் சன்ஸ்கிரீன் பூச மறந்தவர்களுக்கு அங்கேதான் முதலில் தோல் எரியும்.

உயரமான இடங்களில் தலைவலி, வாந்தி வருகிறதே. உடற்பயிற்சி செய்திருந்தால் தப்பிக்கலாமா?

முடியாது. உயர நோய்க்கும் உடல்வலுவுக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால் வலுவானவர்கள் வேகமாக ஏறிவிட்டு முதலில் மாட்டிக்கொள்வதுண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறீர்கள் என்பதுதான் காரணம்.

3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்குங்கள். பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இரவுக்குக் கீழே இறங்கலாம், அது உடம்புக்கு நல்லது. முதல் இரு நாள் மது வேண்டாம், கடும் உழைப்பு வேண்டாம். அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆனால் சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் சிக்கல் வரும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாச்சு பிச்சு போகிறவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. கூஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மாச்சு பிச்சுவோ 2,430 மீட்டர்தான். விமானம் இறங்கியதும் கூஸ்கோவில் தங்காமல், தாழ்வான புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, மாச்சு பிச்சுவை முடித்துவிட்டு, உடம்பு பழகியபின் கூஸ்கோவைப் பாருங்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து சிகரம் தெரியுமா?

தெரியாது! 5,364 மீட்டர் உயரத்தில் உள்ள முகாமில் நின்றால், எவரெஸ்டின் மேற்குத் தோளும் நுப்ட்சே மலையும் சிகரத்தை மறைத்துவிடும். சிகரத்தைப் பார்க்க அருகிலுள்ள காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். பலரும் விடிகாலையில் ஏறுகிறார்கள். அப்போது சூரியன் எவரெஸ்டுக்குப் பின்னாலிருந்து வருவதால் சிகரம் நிழலாகத்தான் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் மாலையில் ஏறுங்கள், உச்சி பொன்னாகச் சிவப்பதைப் பார்க்கலாம். இருட்டில் இறங்க ஹெட்லைட் அவசியம்.

துருவ ஒளி (அரோரா) பார்க்கப் போனோம். வெளிறிய மேகம் மாதிரிதான் தெரிந்தது. படங்களில் மட்டும் ஏன் அத்தனை பச்சை?

மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் நிறம் காணும் செல்கள் வேலை செய்வதில்லை. கறுப்பு வெள்ளை மட்டும் அறியும் செல்கள்தான் பார்க்கின்றன. கேமராவோ பல வினாடி ஒளியைச் சேர்த்துக்கொண்டு நிறத்தைக் காட்டிவிடுகிறது. எனவே வடக்கு வானில் சாம்பல் பட்டை ஒன்று தெரிந்தால் போனை இரவுப் பயன்முறையில் வைத்து ஒரு படம் எடுங்கள். பச்சை விழுந்தால் அது மேகமில்லை. அங்கேயே காத்திருங்கள், நகராதீர்கள். ஒளி வலுத்தால் வெறுங்கண்ணுக்கே பச்சை தெரியும். திரைச்சீலை காற்றில் அலைவதுபோல் ஓடும். மிக வலுத்தால் கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு விளிம்பு கட்டும். பச்சைக்கும் மேலே தெரியும் சிவப்புக்கும் காரணம் ஆக்சிஜன், கீழ் விளிம்பின் இளஞ்சிவப்புக்கு நைட்ரஜன்.

இடம்: வட அட்சரேகை 65 முதல் 70 டிகிரி வரை. நார்வேயின் ட்ரோம்சோ, சுவீடனின் அபிஸ்கோ, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்றவை. சற்றுத் தெற்கே இருந்தாலும் கனடாவின் எல்லோநைஃபும் நல்ல இடம். காந்தத் துருவம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால் துருவ ஒளி தோன்றும் வளையம் அங்கே தெற்கே இறங்கி வருகிறது. காலம்: ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. கோடையில் அங்கே இருட்டே வராது; பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருந்தும் பயனில்லை.

காந்தப்புயல் அளவைச் சொல்லும் கே.பி. எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பலர் மனம் உடைகிறார்கள். ட்ரோம்சோ போன்ற இடத்தில் 1 அல்லது 2 இருந்தாலே போதும். உண்மையான எதிரி மேகம்தான். வானிலை முன்னறிவிப்பில் மேகமில்லாத பக்கம் எதுவோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். நான்கு இரவுகளாவது ஒதுக்காமல் கிளம்ப வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து.

கேமராவுக்கு: டிரைபாட், ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ.) 1600 முதல் 3200, துளை எஃப் 2.8 அல்லது அதற்குக் கிட்ட, 5 முதல் 15 வினாடி. ஒளி வேகமாக ஆடினால் 2, 3 வினாடிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் மடிப்புகள் எல்லாம் கரைந்து ஒரே பச்சைக் குழம்பாகிவிடும். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து அப்படியே விடுங்கள். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள், குளிரில் சார்ஜ் விறுவிறுவென்று இறங்கும்.

அறைக்குத் திரும்பும்போதுதான் அதிகச் சேதம் நடக்கிறது. உறைந்துபோன கேமராவை நேராக வெப்ப அறைக்குள் கொண்டுவந்தால், பனிக்கால ஜன்னல்போல உள்லென்ஸிலும் ஈரம் படியும். வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே கொண்டுவந்து இரண்டு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். மெமரி கார்டை மூடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறந்துவிடுவீர்கள்.

அங்கோர்வாட்டில் சூரியோதயம், பெட்ராவில் காலை. எல்லா இடத்துக்கும் அதிகாலைதான் நல்லதா?

கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கோர்வாட் மேற்கு நோக்கிய கோயில். காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுவதால் கிடைப்பது நிழலுருவமும் குளத்தில் பிரதிபலிப்பும். அதுவும் அருமைதான், ஆனால் முகப்பின் செதுக்கல்களைப் பார்க்க மாலை 3 மணிக்கு மேல் வர வேண்டும், கல் அப்போதுதான் தேன்நிறமாகும்.

சூரியன் எழுந்ததும் கூட்டம் அப்படியே வெளியேறும். நீங்கள் எதிர்த்திசையில் நடந்து கிழக்குப் பிராகாரத்துக்குப் போங்கள். பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் ஓடுகிறது. 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியைப் பிடித்து இழுக்க, நடுவில் திருமால். தூண்களுக்கு இடையே சாய்ந்து விழும் காலை வெயிலில், இழுக்கும் கைகளும் மடங்கிய முழங்கால்களும் ஒவ்வொன்றாக எழும்பி நிற்கும். உச்சி வெயிலில் அதே சுவர் தட்டையாகிவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள்.

பெட்ராவில் சீக் என்னும் 1.2 கி.மீ. பாறை இடுக்கு முடியும் இடத்தில் கருவூலம் எனப்படும் முகப்பு நிற்கிறது. அதன்மேல் நேர்வெயில் விழுவது காலை 9 முதல் 11 வரைதான், பருவத்துக்கேற்பச் சற்று முன்பின் ஆகும். ஆனால் மடாலயம் எனப்படும் மேல்முகப்பு மாலை வெயிலில்தான் ஒளிரும். 800க்கும் மேற்பட்ட படிகள். பிற்பகலில் அந்தப் படிகளில் பெரும்பகுதி நிழலாகிவிடும். காலையில் கருவூலம், பிற்பகலில் மடாலயம் என்று வைத்துக்கொண்டால் வெளிச்சமும் நிழலும் இரண்டுமே உங்கள் பக்கம். அங்கிருந்து வாசலுக்குத் திரும்ப இரண்டு மணி நேரம் கணக்கில் வையுங்கள்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆறுவரை இறங்கி அதே நாளில் ஏறிவிடலாமா?

வேண்டாம். பூங்கா நிர்வாகமே கூடாது என்று எச்சரிக்கிறது. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், களைத்தபின் இறக்கம். இங்கே தலைகீழ்: சுலபமான பாதி முதலில் வருகிறது, உடம்பு ஓய்ந்தபின் ஏற்றம். இறங்க ஆன நேரத்தைப்போல் இரு மடங்கு ஏறுவதற்கு ஆகும். கோடையில் அடிப்பகுதி 40 டிகிரியைத் தாண்டும். மேலே விளிம்பில் இதமாக இருப்பதால் அது உறைப்பதில்லை.

கையில் உள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் ஏறி இறங்காதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரும். இடையிடையே உப்புப் போட்ட தின்பண்டம் சாப்பிடுங்கள். ஒரு நாள் மட்டும் இருப்பவர்களுக்கு, பிரைட் ஏஞ்சல் பாதையில் சுமார் 2.4 கி.மீ. இறங்கி முதல் ஓய்வுக்கூடத்தில் திரும்புவது நல்ல அளவு.

யெல்லோஸ்டோனின் வண்ணக்குளம் புகையாகவே தெரிந்தது. ஏன்?

நீங்கள் சொல்லும் வண்ணக்குளமான கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்கும் அதிகாலை பொருந்தாது. குளிர்ந்த காற்றில் வெந்நீரின் ஆவி திரண்டு மூடிவிடும். வெயில் ஏறியபின், முற்பகல் கடைசி முதல் பிற்பகலுக்குள், கோடை மாதங்களில் போங்கள். கரையிலுள்ள மரப்பாதையிலிருந்து வளையங்கள் முழுதாகத் தெரியாது. ஃபேரி அருவிப் பாதையில் உள்ள மேட்டுக்கு ஏற வேண்டும். நடுவில் நீலம், அங்கே சூடு மிகுதி என்பதால் நிறம் தரும் நுண்ணுயிர்கள் வாழ்வதில்லை. ஓரத்துக்கு வர வர நீர் ஆறுகிறது, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு கூட்டம் குடியேறி மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று வளையம் போடுகிறது. மரப்பாதையைவிட்டு இறங்காதீர்கள், தரைபோலத் தெரிவது மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர்.

உயிருக்கே ஆபத்தான தவறுகள் எவை?

வானம் தெளிவாக இருக்கிறது என்று குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைவது. அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, பல கி.மீ. தள்ளி. வழிகாட்டி "இன்று இல்லை" என்றால் வாதாடாதீர்கள்.

ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் அலைக்கு முதுகு காட்டுவது இன்னொன்று. பல அலைகள் அமைதியாக வந்து போனபின், ஒன்று மட்டும் எதிர்பாராத தூரம் ஏறிவந்து காலை வாரி இழுத்துப்போகும். உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு சிவப்பாக இருந்தால் கடற்கரைக்கே இறங்காதீர்கள்.

நுழைவுச்சீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

நாள் மட்டும் போதாது, மணியும் முக்கியம். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா கோட்டையில் சீட்டில் இருக்கும் மணி வெளிவாசலுக்கானது அல்ல, உள்ளே இருக்கும் நாஸ்ரிட் அரண்மனைக்கானது. வெளிவாசலிலிருந்து அங்கே நடந்துபோகவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மாச்சு பிச்சுவில் நேரத்தோடு நடைப்பாதையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாப் பாதையும் படங்களில் வரும் அந்த மேல்தளத்துக்குப் போகாது. சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும், அசலைக் கையில் வைத்திருங்கள். மாச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா நடைபாதை பிப்ரவரி முழுக்க மூடியிருக்கும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி அதை முழுசாக விழுங்கிவிடும்.

துருக்கியின் கப்படோக்கியாவில் பலூன் பயணத்தை முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள். காற்று அடித்தால் அன்றைய பறப்பை ரத்து செய்வார்கள். முதல் நாளென்றால் அடுத்த காலைகள் மிச்சமிருக்கும்.

பெரிய பிரமிடுக்கு உள்ளே போக வேண்டுமா?

முட்டிவலி, மூச்சுத்திணறல், மூடிய இடத்தில் பயம் இருப்பவர்கள் வெளியே நின்று பார்ப்பதே போதும். மற்றவர்கள் ஒருமுறை போகலாம். ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரமே உள்ள சரிவில் குனிந்தபடியே ஏற வேண்டும். பிறகு தலைக்குமேல் திடீரென்று 8 மீட்டருக்கு மேல் எழும் பெரும் நடைகூடம். மேலே கருங்கல் அறை, சுவரில் ஓவியம் எதுவும் இல்லை, ஒரு கல்பெட்டி மட்டும். வண்ண ஓவியம் பார்க்கும் ஆசை இருந்தால் லக்சரின் அரசர் பள்ளத்தாக்குக்குப் போங்கள்.

ஆஸ்திரேலியாவின் உளுரு பாறைமேல் ஏறலாமா?

2019 அக்டோபர் 26 முதல் தடை. அங்குள்ள அனங்கு பழங்குடி மக்களுக்கு அது புனித இடம். சுற்றிவரும் 10.6 கி.மீ. பாதை இருக்கிறது, வெயில் காலத்தில் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வயதானவர்களோடு போக ஏற்றவை எவை?

விக்டோரியா அருவியின் ஜிம்பாப்வே பக்கப் பாதை பெரும்பாலும் சமதளம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் தார்ப்பாதையும் பேருந்தும் உண்டு. எங்கள் முதல் தேர்வு அர்ஜென்டினாவின் பெரிட்டோ மொரேனோ பனியாறு: எதிரே மரப்பாதையில் உட்கார்ந்தபடியே, தண்ணீருக்குமேல் 60, 70 மீட்டர் உயரம் நிற்கும் நீலப் பனிச்சுவரைப் பார்க்கலாம். பாளம் பெயர்ந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், இடிபோன்ற சத்தம் பிறகுதான் வரும். மாச்சு பிச்சுவின் சமமற்ற கல்படிகள் முட்டிக்குக் கடினம். பெட்ராவில் கருவூலம்வரை மின்வண்டி உண்டு.

முழுச் சூரிய கிரகணம் பார்க்கவென்றே பயணம் போகலாமா? 99 சதவீதம் தெரியும் ஊரில் இருந்தால் போதாதா?

போதாது. ஒரு சதவீதச் சூரியன் மிச்சமிருந்தாலும் அந்த ஒளி, சூரியனைச் சுற்றியுள்ள வெண்கதிர் மகுடத்தை முழுங்கிவிடும். பகல் சற்று மங்கியதுபோல இருக்கும், அவ்வளவுதான். முழு நிழல் விழும் பாதைக்குள் நின்றால்தான் வானம் இருண்டு, கோள்கள் தெரிந்து, நடுவில் கறுப்பு வட்டத்தைச் சுற்றி மகுடம் விரியும்.

2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தின் பாதை தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, அரேபியா வழியாகப் போகிறது. எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடத்துக்கு மேல் முழு மறைப்பு நீடிக்கும். ஆகஸ்டில் அங்கே மேகம் வருவதே அரிது. வெப்பம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், அதற்கேற்ப நிழலும் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள். பகுதி கிரகணம் முழுவதும் சூரியனைப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சூரியன் முழுதாக மறைந்த நிமிடங்களில் மட்டும் கழற்றுங்கள்; ஓரத்தில் முதல் ஒளிப்பொட்டு தெரிந்த கணமே மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை பார்ப்பவர்கள் கேமராவை ஓரமாக வைத்துவிடுங்கள். ஃபோகஸைத் திருகிக்கொண்டிருக்கும்போதே ஆறு நிமிடமும் போய்விடும்.